பிள்ளையின் கை கால் அசைவைப் பார்த்தறிவது எப்படி: நிறைமாதத்துக்கும் குறைமாதத்துக்கும் முதல் ஐந்து மாத வழிகாட்டி

முதல் வேலையாக இரண்டு தேதிகளைத் தாய் சேய் அட்டையின் மேல்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளை பிறந்த தேதி. இன்னொன்று டாக்டர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதி. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 நாள் கூட்டினால் வருவது அது. முதல் மூன்று மாதத்துக்குள் எடுத்த ஸ்கேனை வைத்து டாக்டர் தேதியை மாற்றியிருந்தால் மாற்றிய தேதிதான் கணக்கு.

37 வாரம் நிறைந்து பிறந்தால் நிறைமாதம். ஒரு நாள் முந்தினாலும் குறைமாதம்தான். "ஏழாம் மாசத்துப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசத்துப் பிள்ளை தங்காது" என்று நம் பக்கம் சொல்வார்கள். அது தப்பு. வயிற்றில் இருக்கும் ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு லாபமே. 34 வாரத்தில் பிறந்த பிள்ளைக்கு 30 வாரத்துப் பிள்ளையைவிட மூச்சும் தேறியிருக்கும், பால் உறிஞ்சுவதும் தேறியிருக்கும்.

கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள். குறித்த தேதி ஜூன் 20, பிள்ளை பிறந்தது ஏப்ரல் 25 என்று வைத்துக்கொள்வோம். இடையில் 56 நாள், அதாவது 8 வாரம். ஆக இது 32 வாரத்துப் பிள்ளை. செப்டம்பர் 12 அன்று பிறந்த கணக்கில் அதற்கு 20 வாரம் ஆகியிருக்கும். அசைவுக் கணக்கில் 12 வாரம்தான். கழுத்து நிற்பது, குப்புற விழுவது, உட்காருவது எல்லாவற்றையும் இந்த இரண்டாவது கணக்கில்தான் பார்க்க வேண்டும். இரண்டு வயது வரை இப்படிப் பார்ப்பது வழக்கம். தடுப்பூசிக்கு மட்டும் இது பொருந்தாது. ஊசியைப் பிறந்த தேதிப்படிதான் போட வேண்டும். "பிள்ளை இன்னும் சின்னது" என்று தள்ளிப் போடாதீர்கள்.

பிள்ளைத்தமிழில் ஐந்தாம் மாதம் செங்கீரை, ஒன்பதாம் மாதம் சப்பாணி என்று பருவம் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. பிள்ளையின் அசைவை மாதக்கணக்கில் கவனித்த கண் நமக்குப் புதிதல்ல. மேலே சொன்ன பிள்ளைக்கு அந்த ஐந்தாம் மாதம் நவம்பர் 20இல்தான் நிறைகிறது, செப்டம்பர் 25இல் அல்ல. இதை வீட்டில் எல்லாருக்கும் முதலிலேயே சொல்லிவிட்டால், "பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்பவே குப்புற விழுந்துட்டே" என்ற பேச்சில் பாதி அடங்கிவிடும்.

ஒன்று சுருண்டிருக்கும், ஒன்று பரப்பிக் கிடக்கும்

நிறைமாதப் பிள்ளை பிறந்ததும் கையை மூடி, முழங்கையை மடக்கி, தொடையை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டிருக்கும். காலை மெல்ல நீட்டிவிட்டால் ரப்பர் மாதிரி திரும்பி மடங்கிக்கொள்ளும். இது நோய் கிடையாது, பிள்ளையின் மூலதனம். கடைசி வாரங்களில் கருப்பையில் இடம் நெருங்குகிறது. பிள்ளை உதைத்தால் சுவர் திருப்பித் தள்ளுகிறது. அந்த நெருக்கத்தில் மடங்கி மடங்கித்தான் இந்த முறுக்கு ஏறுகிறது. கையை வாய்க்குக் கொண்டுபோவதற்கும், பின்னால் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே சேர்ப்பதற்கும் இந்தச் சுருளல்தான் அடித்தளம்.

குறைமாதப் பிள்ளைக்கு அந்த நெருக்கமான வாரங்கள் கிடைக்கவில்லை. 28 வாரத்தில் பிறந்தது நனைந்த துண்டு போலக் கிடக்கும். கையும் காலும் நீண்டு, படுக்கையோடு படுக்கையாக இருக்கும். முறுக்கு காலிலிருந்து மேல்நோக்கி ஏறும். 32 வாரத்தை ஒட்டி முழங்கால் மடங்கத் தொடங்கும். 34 வாரத்தில் கால்கள் தவளை போல மடங்கியிருக்கும், கை மட்டும் தொளதொளவென்று கிடக்கும். 36 வாரத்துக்கு மேல்தான் கையும் மடங்கும். குறித்த தேதி வந்த பிறகும், நிறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் இறுக்கம் இதற்கு முழுதாக வந்திருக்காது. வெளியே வந்ததிலிருந்து தன் கை காலின் கனத்தைத் தானே தூக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தெம்பு அதற்கு இல்லை. ஆகவே நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: கருப்பைச் சுவர் செய்த வேலையை நம் கையும் துணியும் நெஞ்சும் செய்ய வேண்டும். இழுத்து நீட்டுவது இதற்கு நேர் எதிரான வேலை.

குறைமாதப் பிள்ளைகளைக் கூடுதலாகக் கவனிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மூளைக்குள் நீர் நிற்கும் அறைகளைச் சுற்றியுள்ள வெள்ளைப் பகுதி 32 வாரத்துக்கு முன் மிகவும் நொய்மையானது. ரத்த ஓட்டம் குறைந்தாலோ கிருமி தாக்கினாலோ முதலில் அடிபடுவது அதுதான். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் அந்த அறைகளை ஒட்டியே இறங்குகின்றன. அதனால்தான் இந்தப் பிள்ளைகளில் பாதிப்பு வந்தால் கையைவிடக் காலில் விறைப்பு அதிகம் தெரிகிறது.

பார்ப்பது எப்படி

பால் குடித்து அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, பிள்ளை விழித்து அமைதியாக இருக்கும் நேரம்தான் சரி. பசித்து அழும்போது எந்தப் பிள்ளையும் விறைக்கும். தூங்கும்போது எந்தப் பிள்ளையும் தளர்ந்திருக்கும்.

முதலில் சூட்டைப் பாருங்கள். வயிற்றில் ஒரு கை, பாதத்தில் ஒரு கை வையுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் சரி. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் பிள்ளைக்குக் குளிர்கிறது. இரண்டுமே சில்லென்றால் உடனே நெஞ்சோடு அணைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். குளிர்ந்த பிள்ளை அசைவைக் குறைத்துக்கொள்ளும். ஆனி, ஆடியில் சாரலும் காற்றும் இறங்கும் அம்பாசமுத்திரம், களக்காடு பக்கத்து வீடுகளில் மேற்கு ஜன்னலை அடைத்துவிட்டுப் பாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் இதற்கு நேர்மாறு: நாலு துணி சுற்றிய பிள்ளை வெக்கையில் துவண்டு கிடக்கும், வீட்டார் அதைத் தூக்கம் என்று நினைப்பார்கள். தெர்மாமீட்டரை அக்குளில் வைத்தால் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து, ஃபேனை நிறுத்திவிட்டு, டயப்பரும் மெல்லிய சட்டையுமாகப் பிள்ளையைப் பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பத்தமடைக் கோரைப்பாயின் மேல் ஒரு நூல்துணி விரித்தால் போதும். பஞ்சு மெத்தை வேண்டாம். அதில் உடம்பு புதையும், உதைக்கப் பிடிமானம் கிடைக்காது. பிறகு கையை எடுத்துவிடுங்கள். கொஞ்ச வேண்டாம், கிலுகிலுப்பை ஆட்ட வேண்டாம். மூன்று நிமிடம் சும்மா பாருங்கள்.

பார்க்க வேண்டியது எவ்வளவு ஆட்டுகிறது என்பதை அல்ல, எப்படி ஆட்டுகிறது என்பதை. பிள்ளையின் தன்னியல்பான அசைவே மூளையின் நலத்தைக் காட்டும் என்பதை ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் பல ஆண்டுகள் வீடியோ எடுத்து ஆராய்ந்து நிறுவினார். இன்று உலகெங்கும் இந்தக் கணிப்பு பயன்படுகிறது. குறித்த தேதியில் தொடங்கி, 6 முதல் 9 வாரம் ஆகும் வரை வருவது நெளிவசைவு. ஒரு கை மெல்லத் தொடங்கும். அது தோளுக்கும் உடம்புக்கும் பரவும். கால் சேரும், வேகம் ஏறும், பிறகு தானே தணியும். நடுவில் மணிக்கட்டும் கணுக்காலும் லேசாகச் சுழலும். அடுத்த முறை வேறு இடத்திலிருந்து தொடங்கும். நல்ல அசைவுக்கு அடையாளம் இந்த மாறி மாறி வருவதுதான்.

ஏறத்தாழ 9 வாரத்திலிருந்து 20 வாரம் வரை வருவது வேறு வகை. கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு, கணுக்கால் எல்லாவற்றிலும் சின்னச் சின்னதாக, எல்லாத் திசையிலும், துறுதுறுவென்று ஓயாமல் ஓடும் அசைவு. பிள்ளை உற்றுப் பார்க்கும்போதுகூட விரல்நுனியில் அது ஓடிக்கொண்டிருக்கும். இந்தத் துறுதுறுப்பு வந்திருப்பது மிக நல்ல சகுனம். அடியோடு இல்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும், காத்திருக்கக் கூடாது.

கவலைப்பட வேண்டிய தோற்றமும் ஒன்று உண்டு. கை, கால், உடம்பு எல்லாம் ஒரே நொடியில் பலகை மாதிரி விறைத்து, ஒரே நொடியில் தொப்பென்று தளர்வது. சுழற்சியே இல்லாமல் ஒரே அசைவு திரும்பத் திரும்ப வருவதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருநாள் பார்த்துவிட்டு முடிவு கட்ட வேண்டாம். மூன்று நாலு நாள் வெவ்வேறு நேரத்தில் பார்த்து, அப்படியேதான் இருக்கிறது என்றால் காட்டுங்கள்.

தூக்குவதும் திருப்புவதும்

ஒரு நாளில் பிள்ளையைக் குறைந்தது இருபது தடவை தூக்குவோம். பயிற்சி என்று தனியாகச் செய்வதைவிட இந்த இருபது தடவையைச் சரியாகச் செய்வதில்தான் பலன் அதிகம்.

மல்லாந்து கிடக்கும் பிள்ளையை அப்படியே மேலே எடுத்தால் தலை பின்னால் ஒரு விரற்கடை தொங்கும். அவ்வளவு போதும். இரண்டு கையையும் விரித்து, விரல்களை அகட்டி, திடுக்கிட்டு அழும். பிறந்த பிள்ளை அனைத்துக்கும் இருக்கும் அனிச்சைச் செயல் இது. 4 முதல் 6 மாதத்தில் தானாக மறையும். வருவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு முறையும் நாம் கிளப்பிவிட்டால் பிள்ளைக்குச் சக்தி விரயம். குறைமாதப் பிள்ளைக்கு அந்த விரயம் எடையில் தெரியும்.

சரியான முறை இது. முதலில் பேச்சுக் கொடுங்கள், நெஞ்சில் உள்ளங்கையை ஒரு நொடி வையுங்கள். பிறகு இரண்டு கையையும் அதன் நெஞ்சின் மேல் சேர்த்துப் பிடித்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, உடம்பு முழுவதையும் ஒருக்களித்துத் திருப்புங்கள். ஒரு கை தலைக்கும் தோளுக்கும் அடியில், மற்றது இடுப்புக்கு அடியில். பிள்ளை சுருண்டபடியே, பக்கவாட்டிலேயே உங்கள் நெஞ்சுக்கு வரட்டும். கிடத்தும்போதும் இதே வழிதான்: முதலில் இடுப்பு, பிறகு தோள், கடைசியாகத் தலை. தலை பாயில் படும் வரை கையை எடுக்காதீர்கள்.

டயப்பர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் ஒரு கையில் பிடித்துத் தூக்கும் பழக்கத்தை விடுங்கள். அப்போது முதுகு வளைந்து, வயிறு நசுங்கி, பால் மேலே வரும். ஒருக்களித்துத் திருப்பித் துடையுங்கள். கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்து "கழுத்து நிக்குதா பாப்போம்" என்று சோதிப்பதும் வேண்டாம். அது டாக்டர் செய்யும் சோதனை.

நெஞ்சோடு அணைப்பது

குறைமாதத்துக்கும் எடை குறைந்த பிள்ளைக்கும் இதைவிடப் பெரிய மருந்து வீட்டில் இல்லை. கங்காரு முறை என்று இதைச் சொல்கிறார்கள். கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978இல், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது. பிறந்த உடனே தொடங்கி, ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம் வரை இப்படி வைக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது.

பிள்ளைக்கு டயப்பர், தொப்பி, சாக்ஸ் மட்டும். அம்மாவின் இரண்டு மார்புக்கும் நடுவில் நிமிர்த்தி வையுங்கள். தலை ஒரு பக்கம் திரும்பி, தாடை சற்றே உயர்ந்திருக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடித்தால் மூச்சுக்குழாய் மடங்கும். கைகள் மடங்கி நெஞ்சில், கால்கள் தவளை மாதிரி அகன்று மடங்கி. நைந்த நூல் சேலையை இருவர் சேர்ந்து சுற்றிக் கட்டுங்கள். துணியின் மேல்விளிம்பு பிள்ளையின் காதுக்குச் சற்றுக் கீழே வரட்டும். இறுக்கம் நெஞ்சுப் பகுதியில் இருக்கலாம், வயிற்றில் இருக்கக் கூடாது. பிள்ளை மூச்சுவிடுவது வயிற்றால்தான். அம்மா தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரட்டும். ஒரு தடவைக்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். பத்து நிமிடத்தில் எடுத்து எடுத்து மாற்றினால் பிள்ளைக்கு அலைச்சல்தான் மிச்சம். அப்பாவும் செய்யலாம், ஆச்சியும் செய்யலாம். பிள்ளை 2,500 கிராம் தாண்டி, தானே நெளிந்து நெளிந்து வெளியே வரப் பார்க்கும் வரை செய்யலாம்.

பீடி சுத்தும் வீடுகளுக்கு ஒரு சொல். மேலப்பாளையம், முக்கூடல், கடையம் பக்கம் பல தாய்மார் பிரசவமான சில வாரத்திலேயே சுளகை மடியில் எடுத்துவிடுகிறார்கள். அவர்கள் வீட்டு நிலைமை அப்படி, குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் புகையிலைத் தூள் பிள்ளையின் மூச்சில் போகக் கூடாது. சுளகு ஒரு அறையில், பிள்ளை இன்னொரு அறையில் இருக்கட்டும். ஒரே அறைதான் என்றால் வாசல் திண்ணையில் உட்கார்ந்து சுத்துங்கள். பிள்ளையை எடுக்கும் முன் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, சேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பால் குடிப்பதும் ஒரு அசைவுதான்

பிள்ளை கற்கும் முதல் நுட்பமான அசைவு உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடுவது. மூன்றும் ஒன்றோடொன்று இடிக்காமல் ஓட வேண்டும். ஏறத்தாழ 34 வாரத்தில்தான் இது கூடிவரும். அதற்கு முன் பிறந்தது வாயைச் சப்புவதைப் பார்த்துவிட்டு நேராக மார்பில் விட்டுக் கட்டாயப்படுத்தினால் புரையேறும், நீலம் பாயும். 32 வாரத்துக்குக் கீழே பொதுவாகக் குழாய் வழிப் பால். 32 முதல் 34க்குள் பாலாடை அல்லது சின்ன டம்ளர். அதற்கு மேல் மார்பு. எந்தக் கட்டத்தில் எது என்பதை வார்டு நர்ஸ் சொல்வார். பாலாடையில் கொடுக்கும்போது பிள்ளையைச் சற்று நிமிர்த்தி, விளிம்பைக் கீழுதட்டின் ஓரத்தில் வைத்து, பிள்ளை நக்கி இழுக்கும் வேகத்தில் விடுங்கள். ஊற்றாதீர்கள். நடுவில் விரலை விரித்து, புருவத்தைச் சுருக்கி, முகத்தைத் திருப்பினால் "கொஞ்சம் பொறு" என்கிறது. நிறுத்தி, மூச்சு சீரானதும் தொடருங்கள்.

கொட்டாவி, தும்மல், விக்கல், கை விரல்கள் விறைத்து விரிவது, முதுகை வில்லாக வளைப்பது, தோலில் திட்டுத் திட்டாக நிறம் மாறுவது எல்லாமே குறைமாதப் பிள்ளையிடம் களைப்பின் மொழி. கையை வாய்க்குக் கொண்டுபோவது, ஒரு பாதத்தை மற்றப் பாதத்தில் ஊன்றுவது, துணியைப் பற்றுவது எல்லாம் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் மொழி. இதைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தூக்கம் மல்லாந்து, விளையாட்டு குப்புற

ஆஸ்பத்திரியில் குறைமாதப் பிள்ளையைத் துணிச் சுருள் வைத்துக் கூடு போலக் கட்டியிருப்பார்கள், சில நேரம் குப்புறக்கூடப் படுக்க வைத்திருப்பார்கள். அங்கே மானிட்டர் ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து வந்து வீட்டிலும் அப்படியே தூங்க வைப்பது அடிக்கடி நடக்கும் ஆபத்தான தவறு. வீட்டில் தூங்குவது எப்போதும் மல்லாந்து, சமமான படுக்கையில். தலையணை வேண்டாம், சுருள் வேண்டாம், தளர்ந்த போர்வை வேண்டாம்.

குப்புற வைப்பது விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. முதல் படி உங்கள் நெஞ்சுதான். சாய்ந்து படுத்துப் பிள்ளையை மேலே குப்புறப் போட்டால் முகம் பார்க்கவே தலையைத் தூக்கும். பிறந்த பிள்ளைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்தான் நன்றாகத் தெரியும், உங்கள் முகம் சரியாக அங்கேதான் இருக்கிறது. பழகியதும் பாய்க்கு மாற்றுங்கள். சின்னத் துண்டைச் சுருட்டி நெஞ்சுக்கு அடியில் வைத்து, இரண்டு முழங்கையையும் தோளுக்கு நேரே முன்னால் கொண்டுவாருங்கள். கை பின்னால் போய்விட்டால் மூக்கு பாயில் முட்டும், அழும், "எம் பிள்ளைக்குக் குப்புறப் போட்டாப் பிடிக்காது" என்று விட்டுவிடுவார்கள். பிடிக்காததற்குக் காரணம் பெரும்பாலும் கை இருக்கும் இடம்தான். ஒன்று, இரண்டு நிமிடம், நாளுக்கு மூன்று நாலு தடவை தொடங்கி, மெல்லக் கூட்டி நாளெல்லாம் சேர்த்து அரை மணி நேரத்துக்குக் கொண்டுவரலாம். பால் குடித்து அரை மணியாவது போகட்டும்.

குறைமாதப் பிள்ளைக்குத் தலை ஒரே பக்கம் திரும்பிக் கிடப்பது சகஜம். அந்தப் பக்கம் மண்டை தட்டையாகும், கழுத்துத் தசையும் குறுகும். பாயில் தலை வைக்கும் திசையைத் தினமும் மாற்றுங்கள். பிள்ளை ஜன்னல் வெளிச்சத்தையும் ஆள் வரும் வாசலையும் பார்த்துத்தான் திரும்பும்.

தொட்டில், எண்ணெய், உரம்

சேலைத் தொட்டில் நம் பிள்ளைகளின் உரிமை, அதைப் பிடுங்கச் சொல்லவில்லை. ஆனால் ஆழமான தொட்டிலில் தாடை நெஞ்சோடு மடங்கும். குறைமாதப் பிள்ளைக்கு அந்தத் தலையை நிமிர்த்தும் பலம் கிடையாது, மூச்சு தடைப்படும். கழுத்து நிற்கும் வரை அதற்குத் தொட்டில் வேண்டாம். நிறைமாதப் பிள்ளைக்கும் தொட்டில் கம்பு போட்டு அகட்டி, கண் பார்வையில் வைத்து, தூங்கியதும் பாய்க்கு மாற்றுங்கள். விழித்திருக்கும் நேரத்தைத் தொட்டிலில் கழித்தால் உதைக்கவும் புரளவும் இடமில்லை.

துணி சுற்றும்போது காலை நேராக நீட்டி இறுக்கிக் கட்டக் கூடாது. தொடை எலும்பின் தலை இடுப்புக் குழியிலிருந்து நழுவலாம். கால் தளர்ந்து அகன்று மடங்கியிருக்கட்டும், கை வாய்க்கு எட்டட்டும்.

எண்ணெய் தேய்ப்பது நல்லது, தேங்காய் எண்ணெய் போதும். மெல்லக் கூசச் செய்வதைவிட உள்ளங்கை முழுதும் பதித்து நிதானமாகத் தடவுவதே பிள்ளைக்குப் பிடிக்கும். கால்களைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, கையையும் எதிர்க்காலையும் குறுக்கே இழுத்து மடக்குவது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, மூக்கை ஊதுவது, மார்பைப் பிதுக்குவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கிச் சளிக்காய்ச்சலாகும்.

பிள்ளை ஓயாமல் அழுதால், "ஏட்டி, உரம் விழுந்துருக்கு, சேலையில போட்டு உருட்டு" என்பார் ஆச்சி. அன்பில்தான் சொல்கிறார். ஆனால் தலை நிற்காத பிள்ளையைத் துணியில் போட்டு உருட்டிக் குலுக்கும்போது மூளைக்குள் மெல்லிய ரத்தக்குழாய் அறுந்துபோகலாம். "டாக்டரம்மா வேண்டாம்னுட்டாக ஆச்சி, நீங்க நெஞ்சில போட்டு அணைச்சுக்கிடுங்க" என்று பிள்ளையை அவர் கையிலேயே கொடுங்கள். அழுகை அடங்குவதற்குப் பெரும்பாலும் அதுவே போதும்.

நடுக்கமா, வலிப்பா

தாடையும் கையும் கிடுகிடுவென்று நடுங்குவது பிறந்த பிள்ளைகளில் அடிக்கடி உண்டு. நடுங்கும் கையை மெல்ல மடக்கிப் பிடியுங்கள். பிடித்ததும் நின்றால் நடுக்கம். பசியும் குளிரும்கூடக் காரணமாகலாம், ரத்தத்தில் சர்க்கரையோ கால்சியமோ குறைந்திருக்கலாம். எனவே பால் கொடுத்தும் திரும்பத் திரும்ப வந்தால் அன்றே காட்டுங்கள். பிடித்தும் நிற்காமல் துடித்தால், கண் ஒரு பக்கம் செருகினால், வாயைச் சப்பிக்கொண்டோ சைக்கிள் மிதிப்பது போலக் காலை ஆட்டிக்கொண்டோ உறைந்து பார்த்தால், மூச்சு 20 விநாடி நின்றால் அது வலிப்பாக இருக்கலாம். வாயில் எதுவும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள். மஞ்சள்காமாலையில் மஞ்சள் நிறம் உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் இறங்கிவிட்டாலும், அதோடு பிள்ளை பால் மறுத்துத் துவண்டாலும் முதுகை வில்லாக வளைத்தாலும் அதே அவசரம். மஞ்சள் மூளையில் படிந்தால் பாதிப்பது அசைவை ஒழுங்குபடுத்தும் பகுதியைத்தான். காலை வெயிலில் காட்டிக் காத்திருக்கக் கூடாது.

எப்போது, எங்கே காட்டுவது

எல்லாம் குறித்த தேதிக் கணக்கில்: 2 மாதம் முடிந்தும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. 3 மாதம் தாண்டியும் கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கை மூடியே இருக்கிறது. 4 மாதம் முடிந்தும் கழுத்து நிற்கவில்லை. டயப்பர் மாற்றும்போது தொடை அகல மறுக்கிறது, கால்கள் கத்தரி போலக் குறுக்கே போகின்றன. ஒரு பக்கக் கை மட்டும் சும்மா கிடக்கிறது. ஒரு வயதுக்கு முன்பே "இது இடக்கைப் பிள்ளை" என்று தெரிந்துவிட்டால் அதுவும் காட்ட வேண்டியதே, அந்த வயதில் இரண்டு கையும் சமமாகத்தான் வேலை செய்ய வேண்டும். "அவுக அப்பாவும் லேட்டாத்தான் நடந்தாக" என்ற சமாதானம் இந்த அடையாளங்களுக்குப் பொருந்தாது. மூளை வேகமாக வளரும் இந்த மாதங்களில் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம். நோயின் பெயர் உறுதியாகும் வரை பயிற்சி காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதலில் சொல்லுங்கள். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் ஆரம்ப நிலை இடையீட்டு மையம் உண்டு. குழந்தை மருத்துவரும் பிசியோதெரபிஸ்ட்டும் ஒரே இடத்தில் பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. தென்காசி பக்கத்தவர்களுக்கு ஆய்க்குடியில் 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் சின்னப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சியைத் தருகிறது. 34 வாரத்துக்கு முன்போ 2,000 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால், பிறந்த 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை ஆகியிருக்க வேண்டும். மிகச் சிறிய பிள்ளைகளுக்கு இன்னும் முன்னதாக. கண் தெரியாத பிள்ளை தலையைத் தூக்கவும் கையை நீட்டவும் தாமதிக்கும், அதை நாம் தசையின் குறை என்று நினைத்துவிடுவோம்.

போகும்போது டிஸ்சார்ஜ் சீட்டும், அந்த இரண்டு தேதியும், ஒரு வீடியோவும் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் பிள்ளை அழும் அல்லது தூங்கிவிடும், டாக்டரால் அசைவைப் பார்க்க முடியாது. வீட்டில் எடுத்துவிடுவதுதான் வழி. சரியான காலம் குறித்த தேதிக்குப் பிறகு 12 முதல் 14 வாரம், மேலே சொன்ன பிள்ளைக்குச் செப்டம்பர் 12 முதல் 26 வரை. பகல் வெளிச்சத்தில், கையும் காலும் தெரிய, ஒற்றை நிறத் துணியில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். கால்மாட்டில் நின்று, உச்சந்தலை முதல் பாதம் வரை திரைக்குள் அடங்கும்படி போனைப் பிடியுங்கள். மூன்று நிமிடம் நிறுத்தாமல் எடுங்கள். அழுகை, விக்கல், வாயில் நிப்பிள், பக்கத்தில் அக்காவோ அண்ணனோ கூப்பிடும் குரல் எது வந்தாலும் அந்த வீடியோ பயன்படாது, அழித்துவிட்டு வேறு நேரத்தில் எடுங்கள். கைகாலை யாரும் தொட்டுவிட வேண்டாம்.